கோரை பிடுங்கியவர்களின் வரலாறு

உலகத்தின் மிக மோசமான களை எது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடி நான்கு அறிவியலாளர்கள் பல ஆண்டுகள் உழைத்து, 1977இல் ஒரு தடித்த புத்தகம் வெளியிட்டார்கள். லீராய் ஹோம் என்பவரும் அவருடைய சகாக்களும் எழுதிய அந்தப் புத்தகத்தின் தலைப்பே 'உலகின் மிக மோசமான களைகள்' என்பதுதான். அந்தப் பட்டியலில் முதலிடம் பிடித்தது நம் வயற்காட்டில், தோட்டத்தில், மாட்டுத் தொழுவத்துப் பின்புறத்தில், கோயில் பிராகாரத்துக் கல் இடுக்கில் எல்லாம் முளைத்துக்கிடக்கும் கோரை. 52 பயிர்களில், 92 நாடுகளில் அது தொல்லை தருவதாக அந்தப் புத்தகம் கணக்குச் சொன்னது.

அந்தக் கோரையை இத்தனை காலமாகப் பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் யார் என்ற கேள்விக்கு அப்படி ஒரு பட்டியலை யாரும் போடவில்லை. தமிழ்நாட்டில் பதில் எல்லோருக்கும் தெரியும். உழவு ஆணுக்கு, நாற்று நடவும் களை எடுப்பும் பெண்ணுக்கு. எல்லோருக்கும் தெரிந்திருப்பதாலேயே எழுதப்படாமல் போன வரலாறு இது.

முதலில் கோரையைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். பார்க்கப் புல் மாதிரி இருந்தாலும் அது புல் இனமல்ல. தண்டை இரண்டு விரலுக்கிடையில் வைத்து உருட்டிப் பாருங்கள். புல்லின் தண்டு உருளும். கோரையின் தண்டு முக்கோணமாக இருப்பதால் விரலில் இடறும். பயிரோடு பயிராக நிற்கும் கோரையைக் கண்ணால் பார்க்கும் முன்பே கையால் கண்டுபிடித்துவிடும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். தாவரவியல் வகுப்பில் இதே பாடத்தைப் படிக்க நான் கல்லூரி வரை போக வேண்டியிருந்தது.

அதன் பலம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. ஒரு கிழங்கிலிருந்து மெல்லிய வேர்த்தண்டு ஓடும், அதன் நுனியில் இன்னொரு கிழங்கு, அதிலிருந்து இன்னொன்று. மணிமாலை மாதிரி கோத்துக்கொண்டே போகும். பெரும்பாலான கிழங்குகள் மேல்மண்ணில் அரை அடிக்குள்ளேயே கிடக்கும். முளைத்து மூன்று வாரம் ஆவதற்குள் புதுக் கிழங்கு வைக்கத் தொடங்கிவிடும். ஒவ்வொரு கிழங்கிலும் பல கண்கள். மாலை அறுபடாமல் இருக்கும்வரை நுனியில் உள்ள கிழங்கு மற்றவற்றைத் தூங்க வைத்திருக்கும். ஏர் ஓட்டி மாலையை அறுத்துவிட்டால் ஒவ்வொரு கிழங்கும் தனித்தனியே விழித்துக்கொள்ளும். ஒன்றை அழிக்கப் போய் பத்தை எழுப்பிவிட்ட கதைதான். மேலே இருக்கும் இலையை மட்டும் பிய்த்தால் நாலைந்து நாளில் மறுபடி தலைகாட்டும். மேய்ச்சல் நிலத்திலும் இதே கதைதான். மாடு இளந்தோகையைக் கடித்துவிட்டுப் போகும்; கிழங்கு அசையாமல் அப்படியே இருக்கும்; மெல்ல மெல்ல நல்ல புல்லின் இடத்தை அது பிடித்துக்கொள்ளும்.

'களை' என்ற சொல்லையே பாருங்கள். களைதல் என்றால் நீக்குதல். நீக்கப்பட வேண்டியது எதுவோ அது களை. செடியின் குணத்திலிருந்து வந்த பெயர் அல்ல இது. செடியின் மீது மனிதர் செய்யும் வேலையிலிருந்து வந்த பெயர். அந்த வேலையைச் செய்தவர்கள் நம் பழைய இலக்கியத்தில் உண்டு. புறநானூற்றின் 61ஆம் பாடலில், கூந்தலைக் கொண்டையாகச் செருகித் தழையுடை உடுத்த கடைசியர், வயலில் நெய்தலையும் ஆம்பலையும் களையாகப் பறிக்கிறார்கள். கடைசியர் என்றால் உழவுத் தொழிலாளர் குலத்துப் பெண்கள். ஆனால் பாட்டு அவர்களைப் பற்றியது அல்ல. சோழ மன்னன் ஒருவனின் வளத்தைச் சொல்ல வந்த புலவர், அந்த வளத்தின் ஓரத்தில் அவர்களை நிறுத்திவிட்டு மன்னனிடம் போய்விடுகிறார். மன்னனுக்குப் பெயர் இருக்கிறது. புலவருக்கும் பெயர் இருக்கிறது. களை பறித்தவர்களுக்குக் குலப்பெயர் மட்டும்தான்.

திருக்குறளின் உழவு அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உழுத புழுதியை நன்றாகக் காயவிட வேண்டும் என்கிறது ஒரு குறள். உழுவது, எருவிடுவது, களை எடுப்பது, நீர் பாய்ச்சுவது, காவல் காப்பது என்று வேலைகளை வரிசைப்படுத்துகிறது அடுத்த குறள். கோரையைப் பொறுத்தவரை இந்த இரண்டும் சேர்ந்ததுதான் இன்றைய வேளாண்மைத் துறை சொல்லும் பாடமும். கோடை உழவில் கிழங்கை மேலே கொண்டுவந்து வெயிலில் காயவைத்தால் அது சாகும். ஈரம் இருந்தால் பிழைத்துக்கொள்ளும். பிறகு பயிர்க்காலத்தில் விடாமல் களை எடுக்க வேண்டும். ஆனால் அந்த அதிகாரம் முழுவதும் கொண்டாடுவது உழுகிறவனை. ஏர் உலகத்துக்கு அச்சாணியாகிவிட்டது. களைக்கொத்து எதற்கும் அச்சாணி ஆகவில்லை.

"களை பிடுங்காப் பயிர் கால் பயிர்" என்று ஒரு பழமொழி உண்டு. முக்கால் பங்கு விளைச்சல் களை எடுப்பதில் இருக்கிறது என்பதை ஊர் ஒப்புக்கொண்ட வாக்குமூலம் இது. அந்த முக்கால் பங்குக்குரிய மரியாதை பிடுங்கியவர்களுக்கு வந்ததா என்றால் இல்லை.

நான் துறையூர்ப் பக்கத்துச் சின்ன வெங்காயக் காடுகளைப் பார்த்து வளர்ந்தவள். வெங்காயத்துக்குக் கோரையைப் போல எதிரி கிடையாது. வெங்காயத் தாள் மெலிந்து நிமிர்ந்து நிற்பதால் மண்ணில் நிழல் விழாது. கோரைக்கு வேண்டியது அந்த வெயில்தான். அம்மாவும் அவரோடு போகிற பத்துப் பன்னிரண்டு பெண்களும் காலை வெயில் ஏறும் முன் வரிசை கட்டிக் குந்துவார்கள். களைக்கொத்தின் நுனியைக் கோரையின் பக்கத்தில் சாய்வாக இறக்கி, வெங்காயத்தின் வேர் அசையாமல், கிழங்கோடு கோரையை எடுக்க வேண்டும். நேராகக் குத்தினால் வெங்காயம் காயப்படும். மேலாகச் செதுக்கினால் கிழங்கு உள்ளேயே தங்கும். எடுத்த கிழங்கை வரப்பில் போட்டால் மழைக்கு மறுபடி வேர்விடும் என்பதால் முந்தானையில் கட்டி வெளியே கொண்டுபோய்க் கொட்டுவார்கள். "கோரையைப் பிடுங்குனா போதாது ஆயா, அதும் பிள்ளையையும் சேத்துப் பிடுங்கணும்" என்று அம்மாச்சி எனக்குச் சொல்லித் தந்தார். கிழங்கு மாலையை விளக்க இதைவிடச் சுருக்கமான வாக்கியத்தை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை.

முதல் களை இருபது நாளுக்குள், இரண்டாம் களை நாற்பது நாளுக்குள் என்று ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். கோரை புதுக் கிழங்கு வைக்கும் காலத்தோடு இந்தக் கணக்கை ஒட்டிப் பாருங்கள். கிழங்கில் சேர்த்து வைத்த சத்தைச் செலவழித்துத்தான் கோரை முளைக்கிறது. அது திரும்பச் சத்தைச் சேர்ப்பதற்குள் பிடுங்கினால், அடுத்த முளை கொஞ்சம் இளைத்துத்தான் வரும். இப்படி மீண்டும் மீண்டும் செய்து அதைப் பட்டினி போடுவதுதான் கையால் கோரையை அடக்கும் வழி. இந்த வேலையைத்தான் அரசு ஆவணங்களும் பண்ணையாரும் 'திறன் தேவையற்ற வேலை' என்றார்கள்.

ஆவணங்கள் இந்த வேலையை எப்படி மறைத்தன என்பதற்கு இரண்டு சான்றுகள் சொல்கிறேன். பிரிட்டிஷ் அரசு இந்திய விவசாயத்தை ஆராயச் சொல்லி ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற வேதியியலாளரை அழைத்து வந்தது. 1893இல் வெளியான அவருடைய அறிக்கை, இந்திய விவசாயியைத் தாழ்வாகப் பேசியவர்களுக்கு ஒரு மறுப்பு. நிலத்தைக் களையில்லாமல் இவ்வளவு சுத்தமாக வைத்திருப்பதை வேறெங்கும் காண்பது அரிது என்ற பொருளில் அவர் பாராட்டி எழுதினார். பெருமைப்பட வேண்டிய பாராட்டுதான். ஆனால் பாராட்டு 'ரயத்' என்ற ஆணுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தச் சுத்தத்தின் பெரும்பகுதியைக் குந்தியிருந்து உண்டாக்கிய பெண்கள் அந்தப் பாராட்டில் இல்லை.

இரண்டாவது சான்று நம் சுதந்திர நாட்டுக் கணக்கெடுப்பு. 1961இல், பருவகால வேலையானாலும் பருவத்தின் பெரும்பகுதியில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வழக்கமாக உழைத்தவரைத் தொழிலாளர் என்று எண்ணினார்கள். 1971இல் அளவுகோலை மாற்றினார்கள். 'உங்கள் முதன்மையான வேலை எது?' என்று கேட்டார்கள். சமைத்து, தண்ணீர் எடுத்து, பிள்ளை பார்த்து, அதற்கு நடுவே களை எடுக்கவும் போகிற பெண்ணுக்கு முதன்மையான வேலை எது? வீட்டு வேலை என்று எழுதிக்கொண்டார்கள். பத்தே ஆண்டில் இந்தியாவில் உழைக்கும் பெண்களின் எண்ணிக்கை காகிதத்தில் வீழ்ந்தது. வயலில் யாரும் எழுந்து வீட்டுக்குப் போய்விடவில்லை.

எண்ணப்படாத வேலைக்குக் கூலியும் அப்படித்தான் இருக்கும். ஆண் கூலி என்றும் பெண் கூலி என்றும் இரண்டு கூலி இருப்பதைக் காற்று, மழை போல இயற்கை என்று நம்பவைத்திருந்தார்கள். பாமாவின் 'சங்கதி' (1994) தலித் பெண்கள் ஆண்களுக்குச் சமமாக உழைத்தும் குறைவாகக் கூலி வாங்கும் அநியாயத்தை நேராகப் பேசியது. சம ஊதியச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. ஆனால் அதே வேலைக்குத்தானே சம ஊதியம்? களை எடுப்பது பெண் வேலை என்று ஒதுக்கிவிட்டால் ஒப்பிட்டுப் பார்க்க அந்த வயலில் ஓர் ஆண்கூட இருக்கமாட்டான். சட்டத்தின் கையில் அகப்படாமல் நழுவ இது போதும். அதற்கு மேல் சாதி. சொந்த நிலத்தில் களை எடுக்கும் பெண்ணும் உண்டு. ஆனால் அடுத்தவர் நிலத்தில் ஆண்டு முழுவதும் குந்தியவர்களில் மிகுதியானோர் நிலமற்ற தலித் பெண்கள். ஜோன் மென்ச்சரும் சாரதாமணியும் தமிழ்நாடு, கேரளம், மேற்கு வங்கம் ஆகிய மூன்று மாநில நெல் வயல்களில் பெண் தொழிலாளர்களை ஆராய்ந்து 1982இல் எழுதிய கட்டுரை, இவர்களுடைய வருமானம் ஏழைக் குடும்பங்கள் பிழைத்திருக்க எவ்வளவு அவசியம் என்பதைக் காட்டியது. 'மேல்செலவுக்கு' என்று சொல்லப்பட்ட கூலியில்தான் உலை கொதித்தது.

உடம்பைப் பற்றியும் பேச வேண்டும். நாள் முழுக்கக் குனிந்தோ குந்தியோ செய்யும் வேலை முதுகை, முழங்காலை, கருப்பையை என்ன செய்யும் என்பது களை எடுத்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும். இது விதியா, கருவியின் கோளாறா என்று கேட்ட ஒரு போராட்டம் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் நடந்தது. அங்கே லெட்டூஸ், சர்க்கரை பீட் வயல்களில் வேலை செய்த மெக்சிகத் தொழிலாளர்களுக்குக் குட்டைக் கைப்பிடி வைத்த களைக்கொத்தைத் தந்திருந்தார்கள். குனியாமல் அதைப் பிடிக்க முடியாது. நிமிர்ந்து நிற்பவரைத் தூரத்திலிருந்தே பார்த்து, வேலை செய்யவில்லை என்று மேஸ்திரி கண்டுபிடித்துவிடலாம் என்பது முதலாளிகளுக்கு வசதி. முதுகெலும்பு கெடுகிறது என்று மருத்துவர்கள் சாட்சி சொன்னார்கள். வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 1975இல் அந்தக் குட்டைக் கொத்து தடை செய்யப்பட்டது. ஒரு கைப்பிடியின் நீளம் தொழிலாளர் உரிமையாக முடியும் என்பதற்கு இது சாட்சி. நம் ஊரில் களைக்கொத்தின் காம்பு இன்னும் முழங்கை நீளத்தைத் தாண்டவில்லை.

இதற்கிடையில் பசுமைப் புரட்சி வந்தது. குட்டை ரகப் பயிர்கள் வந்தபோது தரையில் வெயில் அதிகம் விழுந்தது. கொட்டிய உரத்தைப் பயிரோடு சேர்ந்து களையும் தின்றது. முதலில் பெண்களுக்கு வேலை கூடத்தான் செய்தது. பிறகு களைக்கொல்லி வந்தது. 2,4-டி என்ற மருந்து இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஆய்வில் பிறந்து 1945க்குப் பிறகு கடைக்கு வந்தது. அதை இன்னொரு வேதிப்பொருளோடு கலந்துதான் வியட்நாம் காடுகள்மேல் 'ஏஜென்ட் ஆரஞ்சு' என்று கொட்டினார்கள். நம் கோரையின் தோகையை அது கருக்கும். கிழங்கை ஒன்றும் செய்யாது. 1974இல் விற்பனைக்கு வந்த கிளைஃபோசேட் இலை வழியாக உள்ளிறங்கிக் கிழங்கு வரை போகக்கூடியது. ஆனால் முளைக்காமல் தூங்கும் கிழங்குக்கு இலையே கிடையாதே! மருந்து அதை எட்டாது. அடித்த வயலில் சில வாரம் கழித்து மறுபடி கோரை தலைகாட்டுவது அதனால்தான்.

மருந்து வந்தபோது வேலை கை மாறியதைக் கவனியுங்கள். கையால் எடுத்தவரை அது பெண் வேலை, குறைந்த கூலி. முதுகில் தெளிப்பான் ஏறியவுடன் அது ஆண் வேலை, கூடுதல் கூலி. திருந்திய நெல் சாகுபடியோடு கோனோவீடர் என்ற உருளைக் கருவி வந்தபோதும் பல இடங்களில் அதைத் தள்ளும் வேலை ஆண்களுக்குப் போனது. குனியாமல் களை எடுக்கும் வசதி வந்த நாளில், இத்தனை நாள் குனிந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. தெளிப்பில் பெண்களுக்கு மிஞ்சியது கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவதும், மருந்து நனைந்த சட்டையை வெறுங்கையால் துவைப்பதும்தான். விஷத்தில் பங்கு உண்டு, கூலியில் இல்லை.

2015இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, கிளைஃபோசேட்டை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ள பொருள் என்று வகைப்படுத்தியது. கேரளம் 2019இல் அதைத் தடை செய்தது. 2022இல் ஒன்றிய அரசு, பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் உரிமம் உள்ளவர்கள் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்று ஆணையிட்டது. கடைகளில் கேட்டுப் பாருங்கள், ஆணை எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது என்று தெரியும்.

மருந்துக்குச் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: "ஆள் கிடைக்கல." இந்தச் சொல்லையும் வரலாற்றோடு வைத்துப் படிக்க வேண்டும். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தால் நூறு நாள் வேலை வந்தது. அதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போனவர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பெண்கள். தலைமுறை தலைமுறையாக இரண்டாம் கூலி வாங்கியவர்கள் முதல்முறையாக 'அந்தக் கூலிக்கு வரமாட்டேன்' என்று சொல்ல முடிந்தது. அதைத்தான் ஊர் 'ஆள் கிடைக்கல' என்றும், 'நூறு நாள் வேலை வந்து பொம்பளைங்க சோம்பேறி ஆயிட்டாங்க' என்றும் மொழிபெயர்த்துக்கொண்டது. சிறு விவசாயியின் கஷ்டம் பொய்யல்ல. விளைபொருளுக்கு விலை கிடைக்காதவர் கூலியை எங்கிருந்து கூட்டுவார்? ஆனால் அந்தக் கணக்கை நேர்செய்ய வேண்டிய பொறுப்பை ஏன் எப்போதும் களை எடுக்கும் பெண்ணின் கூலிமேல் ஏற்றுகிறோம்?

களைக்கொல்லி இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு போனது. களை எடுத்து வரும் பெண்ணின் மடியில் பண்ணைக்கீரையும் குப்பைக்கீரையும் தொய்யக்கீரையும் இருக்கும். தலையில் மாட்டுக்குப் புல்கட்டு இருக்கும். கோரைக்கிழங்கைக்கூட விடுவதில்லை; காயவைத்து நாட்டு மருந்துக்கடையில் கொடுத்தால் காசு. பயிர்க்காரருக்குக் களை, அவளுக்கு அன்றைய குழம்பும் ஆட்டுத்தீனியும். கூலிக்கணக்கில் வராத இந்த வரும்படி மருந்தடித்த வயலில் கிடையாது.

கோரையை மருந்தில்லாமல் முற்றாக ஒழிக்க முடியுமா என்றால், மருந்தாலும் ஒழிக்க முடியவில்லை என்பதே நேர்மையான பதில். அடக்கி வைக்கலாம். கோடையில் ஆழ உழுது கிழங்கைக் காயவிடலாம். நிலத்துக்குத் தண்ணீர் காட்டி, கோரையை முளைக்கவைத்து, விதைப்புக்கு முன்பே ஒரு முறை அழிக்கலாம். அதற்கு நிழல் ஆகாது என்பதால் தட்டைப்பயறு, சணப்பை போல அடர்ந்து வளரும் பயிரை மாற்றிப் போடலாம். வாய்ப்புள்ள நிலத்தில் ஒரு போகம் நெல் வைத்துத் தண்ணீர் கட்டலாம். மேய்ச்சல் நிலத்தில் ஓரிடத்தையே மொட்டையாக மேயவிடாமல் மாற்றி மாற்றி மேய்த்தால் நல்ல புல் அடர்ந்து கோரையை நிழலில் தள்ளும். இவை அத்தனைக்கும் பிறகு, தப்பிய கிழங்கை எடுக்க ஒரு கை வேண்டும். அந்தக் கைக்கு நீளமான காம்புள்ள கருவியும், ஆணுக்குச் சமமான கூலியும், பயிற்சி முகாமில் முதல் வரிசை நாற்காலியும் வேண்டும். வேளாண் பயிற்சிக்கு 'விவசாயி' என்று அழைப்பு வரும்போது பட்டா யார் பேரில் இருக்கிறதோ அவர்தான் போகிறார். களையை அறிந்தவர் வயலில் இருக்கிறார்.

கடைசியாக ஒன்று. காவிரிக் கரையில் முசிறி, கரூர், மோகனூர்ப் பக்கம் போனால் ஏக்கர் கணக்கில் கோரை பயிரிட்டிருப்பதைப் பார்க்கலாம். இது பாய்க்கோரை, களைக்கோரைக்கு அக்காள் தங்கை முறை. அதற்கு உரம் வைக்கிறார்கள், தண்ணீர் பாய்ச்சுகிறார்கள், அதற்குள்ளும் களை எடுக்கிறார்கள். பத்தமடைப் பெண்கள் இதே குடும்பத்துக் கோரையைக் கீறி, பட்டுப்போன்ற பாய் நெய்கிறார்கள். ஒரே குடும்பத்தில் ஒருத்தி பயிர், ஒருத்தி களை. எது எதுவாகும் என்பதை முடிவு செய்கிறவர் நிலத்துக்கு உரியவர். இரண்டிலும் குனிந்திருப்பவர் பெண்.

அடுத்த முறை பேருந்து ஜன்னல் வழியாக ஒரு வயலில் வரிசையாகக் குனிந்திருக்கும் பெண்களைப் பார்த்தால், அவர்கள் கையில் என்ன கருவி இருக்கிறது, அதன் காம்பு எவ்வளவு நீளம் என்று பாருங்கள். முடிந்தால் இறங்கி, இன்றைக்குக் கூலி எவ்வளவு என்று கேளுங்கள். அப்படியே, அந்த வயலில் உழுதவருக்கு எவ்வளவு என்றும் கேட்டுவிடுங்கள்.